கோப்புப் படம், எண் 117

அத்தியாயம் 14

பேராசிரியை உறையைப் பிரித்த இடத்தில் போன வாரம் நிறுத்திவிட்டேன் என்று பதினோரு பேர் திட்டி எழுதியிருக்கிறீர்கள். ஒரு வாசகி, "உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதுகிறவருக்கே தெரியாது போல" என்று ஒரு குத்தும் குத்தியிருக்கிறார். தெரியும் அம்மா, தெரியும். உட்காருங்கள்.

புதிதாக வந்தவர்களுக்கு நாலு வரி. நம் பேராசிரியைக்கு ஐம்பத்தெட்டு வயது. முப்பது வருடமாக அவருக்கு ஒரே வேலை. செய்தித்தாளை வெட்டி வைத்துக்கொண்டு அதில் யார் பேசுகிறார்கள், யாரைப் பேச விடவில்லை என்று எண்ணுவது. முதல் பதினைந்து வருடம், தூரத்து நாடு ஒன்றில் நடந்த இனப்படுகொலையை நம் பத்திரிகைகள் எப்படி எழுதின என்று எண்ணினார். அடுத்த பதினைந்து வருடம், வீடில்லாமல் தெருவில் இருப்பவர்களை எப்படி எழுதுகின்றன என்று எண்ணினார். "இனப்படுகொலையிலேர்ந்து பிளாட்பாரத்துக்கு இறங்கிட்டீங்களே" என்று சக ஆசிரியர் ஒருவர் கிண்டல் செய்தபோது, "இறங்கலை, அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்" என்று சொன்னவர்.

அவருடைய வேலையில் ஒரு கறாரான விதி உண்டு. துண்டுகள் அவர் கைக்கு வருமுன்பே நூலகர், பத்திரிகையின் பெயர், நிருபர் பெயர், படம் எடுத்தவர் பெயர் எல்லாவற்றையும் கத்தரித்துவிட்டு எண் மட்டும் போட்டுவிடுவார். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் ஒட்டிய உறைக்குள் கிடக்கும். எண்ணி முடித்த பிறகு, ஒரு சாட்சியை வைத்துக்கொண்டுதான் பிரிக்க வேண்டும். வேண்டியவன், வேண்டாதவன் பார்த்து மார்க் போட்டுவிடக் கூடாது என்று அவரே போட்ட விதி அது.

போன அத்தியாயத்தில் துறைத் தலைவரைச் சாட்சியாக வைத்துக்கொண்டு பிரித்தார். எண் 117 என்ற படத்துக்கு நேரே இருந்த பெயர் அவர் வீட்டுக்காரருடையது.

ரயில்வே மேம்பாலத்தின் படிக்கட்டுக்குக் கீழே ஒரு பெண், அவள் மடியோரம் ஒரு சிறுமி. அவ்வளவுதான் படம். பத்தொன்பது வருடத்தில் இருபத்து மூன்று தடவை அச்சாகியிருக்கிறது. குளிர் வந்தால் அந்தப் படம். கொசு வந்தால் அந்தப் படம். போதைப் பழக்கம் பெருகிவிட்டது என்றால் அந்தப் படம். குழந்தை கடத்தும் கும்பல் நடமாடுகிறது, உஷார் என்ற செய்திக்கும் அதே பெண்தான். கீழே பொடி எழுத்தில் 'கோப்புப் படம்' என்று ஒரு வரி. இருபத்து மூன்றும் ஒரே பத்திரிகை என்று உறையைப் பிரித்த பிறகுதான் தெரிந்தது. அந்தப் பத்திரிகையில்தான் அவர் வீட்டுக்காரர் இன்றும் தலைமைப் புகைப்படக்காரர். இன்று மாலை ஐந்து மணிக்குப் பல்கலைக்கழகப் பெரிய ஹாலில் பேராசிரியையின் ஆண்டுச் சொற்பொழிவு. சிறப்பு விருந்தினர் யார் என்று கேளுங்கள். அந்தப் பத்திரிகையின் முதலாளி.

இதற்கு மேல் ஒரு மனுஷிக்கு என்ன சோதனை வேண்டும்?

* * *

காலை எட்டு மணி. வீட்டுக்காரர் சாப்பாட்டு மேசையில் பழைய போர்வையை விரித்துச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். வீட்டிலும் ஆபீசிலும் அவருக்குப் 'படக்காரர்' என்றுதான் பெயர்.

"நீலமா, வெள்ளையா? மூணாவது வரிசையில உக்காந்தா எது நல்லாருக்கும்?"

"நூத்திப் பதினேழு உங்க படமா?"

இஸ்திரிப் பெட்டி நின்ற இடத்திலேயே நின்றது. தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் தூக்கினார்.

"உறையைப் பிரிச்சாச்சா?"

"நேத்தே பிரிச்சாச்சு. கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"என் படம்தான்."

பேராசிரியை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கோபம் வந்தால் அவர் கத்த மாட்டார். குரல் இறங்கும். வகுப்பில் அந்தக் குரலைக் கேட்டவர்கள் கடைசி பெஞ்சில்கூட பேனா மூடியைத் திறக்க மாட்டார்கள்.

"ரெண்டு வருஷமா இதே மேசையில உக்காந்து அந்த ஆளைத் திட்டிட்டு இருக்கேன். ஒரு தடவையாவது அந்தம்மாவைத் திரும்பப் போய்ப் பார்த்திருப்பானா, மனுஷனா மரமான்னு கேட்டேன். அப்ப நீங்க என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?"

"மரம்தான்னு சொன்னேன்."

"என்கூடச் சேர்ந்து திட்டினீங்க."

"உன்னை எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கம் இல்லையே."

வேறு நாளாக இருந்தால் அவர் சிரித்திருப்பார். முப்பது வருடக் குடித்தனம் பாதி இந்த மாதிரி பதில்களில்தான் ஓடியிருக்கிறது. இன்று சிரிக்கவில்லை.

"எனக்கு வயிறு எரியுதுங்க. உண்மையாவே எரியுது. ஊர்ல இருக்கற பத்திரிகைக்காரன் அத்தனை பேர்கிட்டயும் கேள்வி கேட்டேன். என் பக்கத்துல படுத்திருக்கற ஆள்கிட்ட கேக்கலை."

படக்காரர் இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தார். உள்ளே போய் அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு காகிதக் கவரை எடுத்து வந்தார். அதற்குள்ளிருந்து ஒரு பெரிய பிரிண்ட்.

"இதுதான் முழுப் படம். பேப்பர்ல வந்தது பாதி."

பேராசிரியை கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். இரண்டு வருடமாக மனப்பாடமாகத் தெரிந்த படம் அது. ஆனால் வெட்டப்பட்ட இடது பக்கத்தை இப்போதுதான் பார்க்கிறார். படிக்கட்டின் கைப்பிடியில் ஒரு பள்ளிக்கூடப் பை மாட்டியிருந்தது. தண்ணீர் பாட்டில். துவைத்துக் காயப் போட்ட சின்னச் சீருடைச் சட்டை ஒன்று. அந்தப் பெண் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. மகளுக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. பையை வெட்டி எறிந்துவிட்டால் அதே முகம் பசியில் வாடும் முகமாகிவிடுகிறது. குழந்தை கடத்துகிறவள் முகமாகவும் ஆகிவிடுகிறது.

"நீ அப்ப ஊர்லயே இல்லை. இனப்படுகொலை நடந்த அந்த நாட்டுக்குப் போய்ப் பழைய பேப்பர் தேடிட்டிருந்த வருஷம். அந்தம்மாகிட்ட கேட்டுட்டுத்தான் எடுத்தேன். பள்ளிக்கூடம் திறந்த செய்திக்குப் போடப் போறோம்னு சொன்னேன். ‘அப்ப நல்லா எடுங்க சார், பாப்பா பை தெரியணும்’னு சொல்லிச்சு."

"அப்புறம்?"

"பேர் எழுதிக் குடுத்தேன். பின்னாடி பாரு. ஆபீஸ்ல பக்கம் போடற டெஸ்க்ல பேரை எடுத்துட்டாங்க, பையை வெட்டிட்டாங்க. பள்ளிக்கூடச் செய்தியே வரலை. தெருவோர ஆக்கிரமிப்புன்னு ஒரு செய்தி, அதுல போட்டாங்க. போய்ச் சண்டை போட்டேன். ரெண்டாவது தடவை வந்தப்போ, ஏன்னு கேட்டேன். மூணாவது தடவையிலேர்ந்து பக்கத்தைத் திருப்பிட்டேன்."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் மனைவி முகத்தைப் பார்க்கவில்லை.

பேராசிரியை பிரிண்டைத் திருப்பினார். பின்னால் பென்சிலில், அவர் வீட்டுக்காரரின் கோணல் எழுத்தில், ஒரு பெண்ணின் பெயரும் ஒரு சிறுமியின் பெயரும் வகுப்பும் இருந்தன. அந்தப் பெயர்களை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவர்களிடம் யாரும் இன்னும் கேட்கவில்லை.

* * *

வீட்டில் ஒரு சண்டை நடந்தால் மாடியில் இருக்கும் நாத்தனாருக்கு மூக்கில் வியர்த்துவிடும். கோர்ட்டில் தட்டச்சு செய்கிறவள். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் அடுத்தவர் வழக்கைக் கேட்டுவிட்டு வந்தும் அவளுக்கு ஆசை தீராது. படி இறங்கி வந்து, நின்றபடியே இரண்டு பேரையும் பார்த்து, மேசைமேல் கிடந்த பிரிண்டையும் பார்த்து, விஷயத்தை ஐந்து நிமிடத்தில் கறந்துவிட்டாள்.

"அண்ணி, நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. நாலு பேர் இருக்கற ஹால்ல, அண்ணனோட முதலாளியைப் பக்கத்துல உக்கார வெச்சுட்டு, அண்ணன் படத்தைப் போட்டுக் காட்டினா அண்ணன் வேலை என்ன ஆகும்?"

"போகும்."

"சாதாரணமா சொல்றீங்க."

"சாதாரணமா சொல்லலை. ராத்திரியெல்லாம் இதைத்தான் நினைச்சேன். ஊர்ல வேற யார் எடுத்த படமா இருந்தாலும் காட்டியிருப்பேன். என் வீட்டு ஆளுன்னதும் மறைச்சா அப்புறம் அந்த உறை எதுக்கு, விதி எதுக்கு? முப்பது வருஷம் எண்ணினதையெல்லாம் குப்பையில கொட்டிட வேண்டியதுதான்."

நாத்தனார் அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் கருகிய சட்டைக் காலரைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

அப்போது போன் அடித்தது. துறைத் தலைவர். பேராசிரியையிடம்தான் முனைவர் பட்டத்துக்குப் படித்தவர். இன்றைக்கு மேலதிகாரியாகிவிட்டாலும், 'மேடம்' என்று சொல்லும்போது குரல் இன்னும் எழுந்து நிற்கும். பேராசிரியை ஸ்பீக்கரைப் போட்டார். எனக்கு மறைக்க ஒன்றுமில்லை என்று காட்டுகிற மாதிரி இருந்தது அது.

"மேடம், முழுச் சொற்பொழிவையும் மாத்தச் சொல்லலை. அந்த ஒரு படம் மட்டும் வேண்டாம். எண்ணிக்கை சொல்லுங்க, போதும். பத்திரிகை பேரும் வேண்டாம். அவர் நம்ம விருந்தாளி."

"விருந்தாளின்னு நீங்க கூப்பிட்டீங்க. நான் கூப்பிடலை."

"உங்க வீட்டு சார் விஷயமும் இருக்கு. அதை நினைச்சுத்தான் சொல்றேன்."

"என் வீட்டு சாரை நான் பார்த்துக்கறேன்."

"இன்னொண்ணும் சொல்லணும் மேடம். இனப்படுகொலையையும் பிளாட்பாரத்தையும் ஒரே மேடையில பேசினா தப்பா எடுத்துக்குவாங்க. ரெண்டும் ஒண்ணான்னு கேப்பாங்க."

"ரெண்டும் ஒண்ணுன்னு எங்க சொன்னேன்? அவங்க பட்ட கஷ்டத்தை ஒப்பிட எனக்கு என்ன யோக்கியதை இருக்கு? பத்திரிகை ரெண்டு பேரையும் எப்படி வெச்சிருந்ததுன்னுதான் ஒப்பிடறேன். அங்க மூணு மாசம் ஊர் ஊரா வெட்டிப் போட்டாங்க. இங்க அறுபத்து நாலு செய்தி வந்தது. தூதர் பேசினார், மந்திரி பேசினார், நிபுணர் பேசினார். உயிர் தப்பி வந்தவங்க மூணே மூணு செய்தியில பேசினாங்க. மூட்டை தூக்கிட்டு நடந்து போறவங்க படம் ஒண்ணு, அதை ஒம்போது செய்திக்குப் போட்டாங்க. அதுல ஒண்ணு வேற நாட்டு வெள்ளம். இப்ப இங்க வாங்க. பாலத்தடியில இருக்கறவங்களைப் பத்தி நானூத்திப் பன்னெண்டு செய்தி. அவங்க வாயைத் திறந்தது பன்னெண்டுல. இது என் அபிப்பிராயம் இல்லை. எண்ணிக்கை. சந்தேகம்னா நீங்களே உக்காந்து எண்ணுங்க. எண்ண நான்தானே சொல்லிக் குடுத்தேன்."

துறைத் தலைவர் மறுபடி 'மேடம்' என்று ஆரம்பித்தார்.

"படத்தைக் காட்டுவேன்" என்று சொல்லிப் போனை வைத்தார்.

"காட்டாதே."

சொன்னது நாத்தனார் இல்லை. படக்காரர்.

பேராசிரியை திரும்பினார். அந்தப் பார்வையில் முப்பது வருடக் குடித்தனம் ஒரு கணம் ஆடிவிட்டது என்றால் நம்புங்கள்.

"நீங்களுமா? வேலைக்குப் பயந்து..."

"வேலை கிடக்கட்டும். முதலாளி பேரைச் சொல்லு, என் பேரைச் சொல்லு, நான் மூணாவது வரிசையில உக்காந்து கேக்கறேன். ஆனா படத்தைக் காட்டாதே. பேப்பர்ல இருபத்து மூணு தடவை கேக்காம போட்டாங்க. இன்னிக்கு ஹால்ல முன்னூறு பேர் வருவாங்க. அந்தம்மாகிட்ட கேட்டியா?"

பேராசிரியை பிரிண்டை மறுபடி கையில் எடுத்தார்.

"உன் வகுப்புல எத்தனை தடவை போட்டுக் காட்டின?" படக்காரர் மெதுவாகத்தான் கேட்டார். சண்டைக்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அதுதான் இன்னும் வலித்தது.

எண்ணுவது அவர் தொழில். விரல் விட்டு எண்ணினார். வகுப்பில் எட்டு. கருத்தரங்கில் மூன்று. பதினொன்று. தெருவில் இருப்பவர்களைக் கேட்காமல் படம் போடுகிறார்கள் என்று நிரூபிப்பதற்காக, அவர்களைக் கேட்காமல் பதினோரு தடவை படம் போட்டிருக்கிறார். பெயரைக் கத்தரித்துக் கொடு என்று விதி போட்டவரும் அவரேதான். பத்திரிகை அந்தப் பெண்ணின் பெயரை வெட்டியது, இவர் படம் எடுத்தவன் பெயரை வெட்டினார். ஆக, இரண்டு வருடமாக அந்தப் பெண்ணைத் தேடிப் போகிற வழி எதுவும் மேசையில் மிஞ்சவில்லை. ஊருக்குத்தான் உபதேசம் என்று சும்மாவா சொல்லி வைத்தார்கள்?

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். நாத்தனார் சமையலறைப் பக்கம் திரும்பினாள்.

"அண்ணி, ஒரு காபி போடட்டுமா?"

"போடு" என்றார் பேராசிரியை. "உங்க அண்ணனுக்கும் சேர்த்துப் போடு. அவர் மேல கோபம் போகலை. இருந்தாலும் போடு."

* * *

மாலை ஐந்து மணிக்கு ஹால் நிறைந்துவிட்டது. படக்காரர் கருகிய நீலச் சட்டையையே போட்டுக்கொண்டு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நாத்தனார், கோர்ட்டுக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். மேடையில் மூன்று நாற்காலி. நடுவில் பத்திரிகை முதலாளி. நல்ல உயரம், நல்ல குரல், யாரைப் பார்த்தாலும் தோளில் தட்டுகிற பழக்கம்.

மேடைக்கு ஏறும் வழியில் துறைத் தலைவர் காதருகே வந்தார்.

"மேடம், படம்?"

"எடுத்துட்டேன்."

அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்திருக்க வேண்டும். பாவம், அவருக்கு என்ன தெரியும்.

முதல் அரை மணி நேரம் பேராசிரியை அந்தத் தூரத்து நாட்டைப் பற்றிப் பேசினார். அறுபத்து நாலு செய்தி, மூன்று குரல். உயிர் தப்பிய ஒரு தையல்காரர் பல வருடம் கழித்து அவரிடம் சொன்னதைச் சொன்னார். "எங்களைக் கொன்னது அவங்க. நாங்க ஏற்கெனவே செத்துட்ட மாதிரி எழுதினது நீங்க." முதலாளிகூடத் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார். தூரத்து ஊர் பாவத்துக்குத் தலையாட்டுவதில் நமக்கு என்ன கஷ்டம்?

அடுத்து திரையில் ஒரு வெள்ளைக் கட்டம் வந்தது. உள்ளே ஒன்றுமில்லை. சுற்றிலும் இருபத்து மூன்று தலைப்புகள், தேதியோடு.

"இந்த இடத்துல ஒரு படம் இருக்கணும். அதைக் காட்டாதீங்கன்னு இன்னிக்குக் காலையில எனக்குச் சொன்னாங்க. அதுக்குப் பயந்து அதை நீக்கலை. இப்படிப் போடலாமான்னு அந்தப் படத்துல இருக்கற பெண்கிட்ட யாரும் இதுவரைக்கும் கேக்கலை, அதனால நீக்கினேன். கேக்காம போட்டவங்க பட்டியலைப் படிக்கறேன்."

பத்திரிகையின் பெயரைச் சொன்னார். முழுப் பெயர். இருபத்து மூன்று தடவை என்றார். (அது எந்தப் பத்திரிகை என்று கேட்டு எனக்கு எழுதாதீர்கள். கதையில் வருகிற பத்திரிகை.) முதலாளியின் தலையாட்டல் நின்றது. துறைத் தலைவர் தண்ணீர் குடித்தார், காலி டம்ளரிலிருந்து.

"ரெண்டாவது பேர் என்னோடது. பதினோரு தடவை. வகுப்புல எட்டு, கருத்தரங்குல மூணு. இந்த ஹால்ல என் மாணவர்கள் இருப்பீங்க. நான் காட்டிப் பார்த்தீங்க. அது தப்பு. எனக்கு வெக்கமா இருக்கு. படம் எடுத்தவர் என் வீட்டுக்காரர். அதையும் மறைக்கறதுக்கில்லை."

ஹால் முழுக்க ஒரு சலசலப்பு ஓடியது. மூன்றாவது வரிசையில் படக்காரர் எழுந்தார். யாரும் மைக் கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

"நான்தான் எடுத்தேன். அந்தம்மாகிட்ட கேட்டுட்டு எடுத்தேன், பேர் எழுதிக் குடுத்தேன். ஆபீஸ்ல பேரை எடுத்தாங்க. அதுக்கப்புறம் இருபது தடவைக்கு மேல வந்தது, நான் வாயே திறக்கலை. அது என் தப்பு. அந்தம்மா பேர் எனக்குத் தெரியும். இங்க சொல்ல மாட்டேன். நேர்ல போய்க் கேட்டுட்டு வந்து சொல்றேன்."

உட்கார்ந்துவிட்டார். நாத்தனார் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். காலையில் வேலை போய்விடுமே என்று பதறியவள், இப்போது சுற்றியிருந்தவர்களை ஒரு முறைப்பு முறைத்தாள் பாருங்கள், பக்கத்து வரிசை வாய் மூடியது.

நியாயமாகப் பார்த்தால் முதலாளி பேசாமல் இருந்திருக்கலாம். நாளைக்கு வருத்தம் தெரிவிக்கிறோம் என்று இரண்டு வரி போட்டால் பாதிப் பேர் மறந்திருப்பார்கள். ஆனால் தவளை தன் வாயால் கெடும். அவர் மைக்கை இழுத்தார்.

"பேராசிரியை மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா கோப்புப் படம்ங்கறது எல்லா ஊர்லயும் வழக்கம். எங்களை என்னவோ கல்நெஞ்சக்காரங்க மாதிரி சொல்றீங்க. அந்தம்மா மூணு தடவை எங்க ஆபீஸ் வாசல்ல வந்து சத்தம் போட்டுச்சு. போலீஸைக் கூப்பிட்டோமா? இல்லையே. மரியாதையாத்தான் திருப்பி அனுப்பினோம்."

தன் பெருந்தன்மையைச் சொல்லி முடித்த திருப்தியோடு ஹாலைப் பார்த்தார். ஹால் அவரைப் பார்த்தது. தான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

பேராசிரியைக்கு உடனே உறைத்தது. கையிலிருந்த காகிதங்களை மேடை மேசைமேல் வைத்தார்.

"என்ன சொன்னாங்க?"

"யாரு?"

"அவங்க. மூணு தடவை வந்தாங்கன்னு சொன்னீங்களே. என்ன சொன்னாங்க?"

"அதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? எத்தனையோ பேர் வருவாங்க."

"மூணு தடவைன்னு எண்ணிக்கை தெரியுது. என்ன சொன்னாங்கன்னு தெரியலை."

முதலாளி துறைத் தலைவரைப் பார்த்தார். துறைத் தலைவர் டம்ளரைப் பார்த்தார்.

பேராசிரியை ஹால் பக்கம் திரும்பினார்.

"நாங்க எண்ணி எழுதற கட்டத்தாள்ல ‘யார் பேசினார்கள்’னு ஒரு கட்டம் இருக்கு. இந்தப் படம் வந்த இருபத்து மூணு செய்திக்கும் அந்தக் கட்டத்துல அந்தப் பெண்ணுக்கு நான் பூஜ்யம் போட்டேன். பேசவே இல்லைன்னு நினைச்சேன். அவங்க பேசியிருக்காங்க. மூணு தடவை நடந்து வந்து பேசியிருக்காங்க. அச்சுல வந்ததை மட்டும் எண்ணிட்டு, வராததை இல்லைன்னு முப்பது வருஷமா எழுதிட்டிருந்திருக்கேன். அந்த நாட்டுச் செய்தியில, குரல் வராத மிச்சம் அறுபத்தொண்ணுலயும் எத்தனை பேர் வாசல்ல வந்து நின்னாங்களோ, எனக்குத் தெரியாது." மேசையிலிருந்து பேனாவை எடுத்தார். "அந்தப் பூஜ்யத்தை இப்பவே அடிக்கறேன். எதிர்ல என்ன எழுதணும்னு இவர்தான் சொல்லணும்."

மூன்றாவது வரிசையில் படக்காரர் மெல்ல நாத்தனாரிடம் குனிந்தார்.

"கேட்ல ஒரு ரிஜிஸ்டர் இருக்கு. வர்றவங்க பேர், முகவரி, வந்த காரணம் எல்லாம் எழுதி வாங்குவாங்க. பழசெல்லாம் பின்னாடி ரூம்ல அடுக்கியிருக்கு."

"எத்தனை வருஷத்துது?"

"எல்லாமே இருக்கும்னு நினைக்கறேன்."

"உன் முதலாளி வெளிய போய் ஒரு போன் போட்டா அதெல்லாம் இருக்குமா?"

படக்காரர் மேடையைப் பார்த்தார். கோர்ட்டில் இருபது வருடம் இருந்தவளுக்கு அதுவே போதும். காகிதம் எவ்வளவு சீக்கிரம் காணாமல் போகும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்?

"எழுந்திரு அண்ணா. உன்கிட்ட இன்னும் ஆபீஸ் அடையாள அட்டை இருக்குல்ல? நாளைக்கு இருக்காது. வண்டியை நான் ஓட்டறேன்."

இரண்டு பேரும் நடுவழியில் நடந்து வெளியே போவதைப் பேராசிரியை மேடையிலிருந்து பார்த்தார். படக்காரர் கதவருகே ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான். பத்திரிகை ஆபீசுக்குத்தான் போகிறார்கள் என்று பேராசிரியைக்குப் புரிந்துவிட்டது. முதலாளியின் கையும் போனைத் தேடிப் பாக்கெட்டுக்குள் போவதைக் கவனித்தார். ஆபீஸ் பத்து நிமிடத் தூரம். தேட எவ்வளவு நேரம் ஆகுமோ, யார் கண்டது.

துறைத் தலைவர் நன்றியுரைக் காகிதத்தை எடுத்துக்கொண்டு அவசரமாக எழுந்தார்.

"உக்காருங்க" என்றார் பேராசிரியை. அதே இறங்கிய குரல். பழைய மாணவர் உட்கார்ந்துவிட்டார். பாக்கெட்டுக்குப் போன முதலாளியின் கையும் அப்படியே நின்றது. மேடையில் உட்கார்ந்து போன் பேசினால் முன்னூறு பேரும் கேட்பார்கள்.

"நன்றி அப்புறம் சொல்லிக்கலாம்" என்றார் பேராசிரியை, மைக்கை அவர் பக்கம் தள்ளி. "ஏழு மணி வரைக்கும் ஹால் நம்மளோடது. இப்ப கேள்வி நேரம். எனக்கு இல்லை. சாருக்கு."

மூன்றாவது வரிசையில் இரண்டு நாற்காலி காலியாக இருந்தது. மற்ற எல்லா வரிசையிலும் கை உயர்ந்திருந்தது.